குழாயடிக் கேள்விகள்: பழைய இரும்புக் குழாய்க்கு எந்தப் பூச்சு?

சென்ற மாதம் இந்தப் பக்கத்தில், "முப்பது வருஷக் குழாயைத் தோண்டிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கும் முன்னால், பூசிக் காப்பாற்ற முடியுமா என்று ஒருமுறை பாருங்கள்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். வந்த கேள்விகளைப் பார்த்தால் ஊரில் பாதிப் பேர் வீட்டு வாசலில் குழாய்தான் உடைந்து ஓடுகிறது போலிருக்கிறது. அதனால் இந்த மாதம் முழுக்க அதுதான். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருந்தீர்கள், யார் பெயரும் போடவில்லை.

கே: ஆற்றுக் கிணற்றிலிருந்து மேல்நிலைத் தொட்டிக்கு 4 கி.மீ. எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) பைப், 400 மி.மீ. அளவு. 1988 வாக்கில் போட்டது. மாதம் ஒரு இடமாவது பொத்துக்கொள்கிறது. மாற்ற மதிப்பீடு போட்டால் தலை சுற்றுகிறது. கோட்டிங் அடித்தால் இன்னும் பத்து வருஷம் ஓட்டலாம் என்கிறார் ஒருவர். எங்கிருந்து ஆரம்பிப்பது?
- பேரூராட்சி கவுன்சிலர், திருநெல்வேலி மாவட்டம்

ப: பெயிண்ட் கடையிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். உங்கள் பிட்டரிடம் ஒரு நோட்டு இருக்கும், இல்லாவிட்டால் அவர் தலைக்குள்ளேயே இருக்கும். ஐந்து வருஷத்தில் எங்கெங்கே கிளாம்ப் போட்டார் என்று கேட்டு, அவரையும் கூட்டிக்கொண்டு லைன் நெடுக நடந்து, ஒவ்வொரு இடத்திலும் ஒரு குச்சி நடுங்கள். 4 கிலோமீட்டரிலும் சமமாகக் குச்சி விழாது. ஓடை கடக்கிற இடம், வயலுக்கு நடுவே எந்நேரமும் ஈரமாகக் கிடக்கிற பள்ளம், சாலைக்கு அடியில் போகிற இடம், செம்மண் முடிந்து கரிசல் தொடங்குகிற இடம் என்று கொத்துக் கொத்தாக நிற்கும். மண் மாறுகிற இடத்தில் ஒரு பக்கம் காற்றோட்டம், மறுபக்கம் காற்று புகாத களி. ஒரே குழாய்க்குள் ஒரு சின்ன பேட்டரி உருவாகிவிடும், காற்று கிடைக்காத பக்கம் அரிக்கும்.

அப்புறம் குழி வெட்டுங்கள். குச்சி நெருக்கமாக உள்ள இடங்களில் மூன்று, குச்சியே இல்லாத இடத்தில் ஒன்று. அந்தக் கடைசிக் குழியை வீண் செலவு என்று விட்டுவிடாதீர்கள், நல்ல இடம் எப்படி இருக்கிறது என்று தெரிந்தால்தான் கெட்ட இடம் எவ்வளவு கெட்டது என்று தெரியும். குழாயின் அடிவயிற்றில் கை போகிற அளவுக்குத் தோண்ட வேண்டும். மேலே பார்த்தால் பழைய தார் பளபளவென்று இருக்கும், அடியில் தடவினால் விரலோடு செதில் வரும். சுரண்டிவிட்டு, அல்ட்ராசானிக் தடிமன் மானி ஒன்றை வாடகைக்கு வாங்கி, சுற்றிலும் எட்டு இடத்தில் அளந்து எழுதுங்கள்.

அந்த எண்கள்தான் தீர்ப்பு. சுவர் பெரும்பாலும் இருக்கிறது, அங்கங்கே மட்டும் குழிந்திருக்கிறது என்றால் தகடு வைத்துப் பற்றவைத்துவிட்டுப் பூசலாம். சுவரே சன்னமாகிப் போயிருந்தால் அந்தத் துண்டை வெட்டித்தான் ஆக வேண்டும், எந்தப் பூச்சும் போன இரும்பைத் திருப்பித் தராது. எண்ணெய், எரிவாயுக் குழாய்க்காரர்கள் வைத்திருக்கும் கணக்கில், ஒரு குழி சுவரின் 80 சதவீதத்துக்கு மேல் ஆழமாக இருந்தால் மேற்கொண்டு கணக்கே போடமாட்டார்கள், வெட்டுதான். தண்ணீர் குழாயில் அழுத்தம் குறைவு என்பதற்காக அதைவிடத் துணிச்சல் காட்ட வேண்டாம்.

இவ்வளவும் செய்து முடித்தால், 4 கி.மீ. என்று பயந்த வேலை சில நூறு மீட்டரில் வந்து நிற்கும் வாய்ப்பு நிறைய. பூச்சு வேலையில் பெரிய மிச்சம் பூச வேண்டாத இடம் எது என்று கண்டுபிடிப்பதில்தான் இருக்கிறது, பெயிண்ட் விலையில் பேரம் பேசி அவ்வளவு மிச்சம் பிடிக்க முடியாது.

கே: உடைந்த இடத்தில் 6 மீட்டர் புதுத் துண்டு போட்டோம். மூன்றே வருஷத்தில் அந்தப் புதுத் துண்டுதான் ஓட்டை விழுந்தது, அதன் இரண்டு பக்கமும் இருக்கிற கிழட்டுக் குழாய் அப்படியே இருக்கிறது! இந்தக் காலத்து இரும்பு அவ்வளவு மோசமா?
- ஓய்வு பெற்ற ஆசிரியர், விருதுநகர்

ப: இரும்பைத் திட்டாதீர்கள், பழசு புதுசைத் தின்றுவிட்டது. துருவும் செதிலும் ஏறிய பழைய குழாய்க்கும் பளிச்சென்ற புது இரும்புக்கும் ஈர மண்ணில் ஒரு மின்னழுத்த வித்தியாசம் உண்டு. டார்ச் பேட்டரியில் துத்தநாகக் கூடு கரைகிற மாதிரி, இந்த ஜோடியில் கரைகிறது புதுத் துண்டு. ஒரு ஆம்பியர் மின்னோட்டம் ஒரு வருஷம் ஓடினால் ஏறக்குறைய 9 கிலோ இரும்பு மண்ணோடு போய்விடும் என்று பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. உங்கள் துண்டில் ஓடியது அதில் நூறில் ஒரு பங்காக இருந்தாலும், ஒரே புள்ளியில் ஓடினால் ஓட்டை போடப் போதும்.

இதில் எல்லோரும் தலைகீழாகச் செய்கிற ஒரு காரியம் உண்டு. புதுத் துண்டு பாதிக்கப்படுகிறது என்று தெரிந்ததும் அதற்கு மட்டும் நன்றாகப் பெயிண்ட் அடிப்பார்கள். அந்தப் பெயிண்டில் ஊசி முனை அளவு விட்டுப்போனால், முன்பு 6 மீட்டரில் பரவி ஓடிய மின்னோட்டம் இப்போது அந்த ஊசி முனையில் குவியும், இன்னும் சீக்கிரம் பொத்துக்கொள்ளும். புதுசுக்குப் பூசுங்கள், அதோடு இரண்டு பக்கமும் பழைய குழாயைத் தோண்டிச் சுரண்டி, குறைந்தது சில மீட்டருக்காவது அதற்கும் பூசுங்கள். வேறு வழி, இணைப்பில் மின்சாரம் கடத்தாத பிளாஞ்ச் போட்டுப் பிரித்துவிடுவது. காத்தோட் பாதுகாப்பு, அதாவது குழாய்க்கு மின்னோட்டம் கொடுத்து அரிப்பைத் தடுக்கிற ஏற்பாடு, இருக்கிற லைனில் மட்டும் யாரையும் கேட்காமல் இதைச் செய்துவிடாதீர்கள், மின்னோட்டத்தையும் சேர்த்துத் துண்டித்துவிடுவீர்கள்.

கே: எந்த பெயிண்ட் சார் கட்டுப்படியாகும்? ஒருவர் லிட்டர் 300 சொல்கிறார், இன்னொருவர் 420. இரண்டுமே எப்பாக்ஸி என்கிறார்கள்.
- தொழிற்சாலைப் பராமரிப்புப் பிரிவு, ஓசூர்

ப: லிட்டர் விலையை மறந்துவிட்டு, டப்பாவோடு வரும் தாளில் ஒரே ஒரு எண்ணைத் தேடுங்கள். கன அளவில் திடப்பொருள் எத்தனை சதவீதம் என்று போட்டிருக்கும். மீதியெல்லாம் காற்றில் பறந்துபோகிற கரைப்பான், அதற்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறீர்கள். கணக்கு சுலபம்: அந்தச் சதவீதத்தைப் பத்தால் பெருக்கி, வேண்டிய காய்ந்த தடிமனால், அதாவது மைக்ரானால் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வகுத்தால், ஒரு லிட்டர் எத்தனை சதுர மீட்டர் பூசும் என்று வந்துவிடும்.

உங்கள் விலையையே வைத்துப் போடுவோம். முதல் கேள்வியில் வந்த 400 மி.மீ. குழாய்க்கு (வெளிவிட்டம் சுமார் 406 மி.மீ.) ஒரு கிலோமீட்டருக்கு வெளிப்பரப்பு சுமார் 1276 சதுர மீட்டர். மண்ணுக்குள் போகிறது, 400 மைக்ரான் வேண்டும். 300 ரூபாய் பெயிண்டில் திடப்பொருள் 45 சதவீதம் என்று வையுங்கள், லிட்டருக்கு 1.125 சதுர மீட்டர், ஆக 1134 லிட்டர், 3 லட்சத்து 40 ஆயிரம். 420 ரூபாய் பெயிண்டில் 70 சதவீதம் என்றால் லிட்டருக்கு 1.75, ஆக 729 லிட்டர், 3 லட்சத்து 6 ஆயிரம். சேதாரம் இரண்டுக்கும் தனி. விலை கூடியதுதான் மலிவு! இதில் இன்னொன்று, சன்னமான பெயிண்டை மூன்று நான்கு கோட் அடித்தால்தான் தடிமன் ஏறும், கனமானது இரண்டே கோட். ஒவ்வொரு கோட்டுக்கும் ஆள் கூலி, காயும் வரை குழி திறந்து கிடக்கிற செலவு, நடுவில் மழை வந்தால் அந்தத் தலைவலி.

வெயில் படாத மண்ணுக்குள் என்றால் இரண்டு பொருள் கலந்து அடிக்கிற கனமான எப்பாக்ஸி போதும், மேலே பாலியூரித்தேன் எல்லாம் அநாவசியம். வெயிலில் நிற்கிற குழாய்க்கு எப்பாக்ஸி மட்டும் அடித்தால் சுண்ணாம்பு மாதிரி மாவாக உதிரும், அங்கேதான் மேல்கோட்டுக்குப் பாலியூரித்தேன் வேண்டும். புதுக் குழாய்க்கு ஆலையில் சூடு காட்டிப் போடுகிறார்களே, பொடி எப்பாக்ஸி, மூன்றடுக்குப் பாலிதீன், அவை அருமையானவைதான். ஆனால் குழாயை 200 டிகிரிக்கு மேல் சூடாக்க வேண்டும், மண்ணில் கிடந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிற கிழவனுக்கு அது ஆகிற காரியமா?

கே: நல்ல கம்பெனி எப்பாக்ஸிதான் அடித்தோம், எட்டே மாதத்தில் அப்பளம் மாதிரி கொப்பளித்து உரிகிறது. பெயிண்ட் போலியா?
- கூட்டுக் குடிநீர்த் திட்ட ஒப்பந்ததாரர், ராமநாதபுரம்

ப: போலியாக இருக்கலாம். ஆனால் நான் பார்த்தவரை பத்துக்கு ஒன்பது தடவை பெயிண்ட் நிரபராதி.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கடலோரத்தில் ஒரு ஆலை, பெயர் வேண்டாம். மார்கழி மாதம். ராத்திரி முழுக்க பிளாஸ்டிங், அதாவது காற்றழுத்தத்தில் மணல் போன்ற துகளை வீசித் துருவை எடுக்கிற வேலை, செய்து குழாய் வெள்ளி மாதிரி ஜொலித்தது, விடியற்காலையில் பிரைமர் அடித்தோம். நானே பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்த்தேன், பெருமையாகக் கையெழுத்தும் போட்டேன். அடுத்த மழைக்காலத்தில் கூப்பிட்டார்கள். நகத்தை வைத்து நெம்பினால் உள்ளங்கை அகலத்துக்குத் தகடாக வருகிறது. திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் பழுப்பாக ஒரு மெல்லிய படலம், அதில் ஈரம். என்னோடு வந்த மேஸ்திரி அதைக் கூச்சப்படாமல் நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துவிட்டு "உப்பு சார்" என்றார். அவ்வளவுதான் ஆய்வறிக்கை. (நீங்கள் யாரும் நாக்கில் வைக்காதீர்கள், பூச்சில் என்னென்ன இருக்கிறதோ.)

கடல்காற்று கொண்டுவந்த உப்பு பிளாஸ்டிங்கில் போகாது, கண்ணுக்கும் தெரியாது. நல்ல தண்ணீரில் கழுவினால்தான் போகும். மேலே பூச்சு போட்டபின் உள்ளே மாட்டிக்கொண்ட அந்த உப்பு, பூச்சின் வழியாகவே ஈரத்தை உறிஞ்சி இழுத்துக் கொப்பளம் கட்டும். ராமநாதபுரத்தில் உங்களுக்கு இது நித்தியப் பிரச்சினை. பிளாஸ்டிங்குக்கு முன்னால் ஒரு கழுவல், முடிந்தால் பின்னாலும் ஒரு கழுவல், காயவிட்டு மறுபடி லேசாக ஒரு அடி.

இரண்டாவது குற்றவாளி பனி. இரும்பின் வெப்பம் பனிநிலையைவிட (காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்குகிற வெப்பநிலை) குறைந்தது 3 டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும், காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, இது உலகம் முழுக்க இருக்கிற விதி. காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்று ஒரு சாதாரணக் கடலோரக் காலையை எடுத்துக்கொள்ளுங்கள். பனிநிலை 26 டிகிரி, ஆகவே இரும்பு 29 ஆவது இருக்க வேண்டும். உங்கள் குழாய்க்குள் ஓடுகிற தண்ணீர் 27 டிகிரி என்றால் இரும்பும் 27தான். கையால் தொட்டால் காய்ந்த மாதிரித்தான் இருக்கும், பெயிண்ட் பிடிக்காது. அன்றைக்கு ஒன்று பம்பிங்கை நிறுத்த வேண்டும், அல்லது ஈரத்திலும் பிடிக்கிற ரக எப்பாக்ஸி வாங்க வேண்டும், அல்லது வெயில் ஏறும் வரை டீ குடிக்க வேண்டும். பிளாஸ்டிங் முடிந்த இரும்பு கடலோரத்தில் நாலு மணி நேரம் தாங்கினாலே அதிகம், அதற்குள் முதல் கோட் விழுந்துவிட வேண்டும்.

ஹார்ட்னரை, அதாவது எப்பாக்ஸியை இறுகவைக்கிற இரண்டாவது பொருளை, கண்ணளவில் ஊற்றுவது, பெயிண்ட் இறுகிவிட்டதே என்று தின்னரை ஊற்றி இளக்குவது, இதெல்லாம் உங்கள் ஆட்கள் செய்யமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

கே: பிளாஸ்டிங் கூலியே பெயிண்டைத் தாண்டுகிறது. கம்பி பிரஷ் போட்டு நன்றாகத் தேய்த்தால் போதாதா?
- பெயிண்டிங் காண்ட்ராக்டர், கடலூர்

ப: போதும், போதாது, இரண்டும் உண்டு. மண்ணுக்குள் போகிற எப்பாக்ஸிக்கு எஸ்.ஏ. இரண்டரை என்கிற தரம் வரை பிளாஸ்ட் செய்யச் சொல்வார்கள். துருவை எடுப்பது அதில் பாதிதான், மீதிப் பாதி இரும்பில் 50 முதல் 75 மைக்ரான் ஆழத்துக்குச் சொரசொரப்பை உண்டாக்குவது. அம்மி கொத்தினால்தானே மசாலா அரைபடும், அதே கதை. மெஷினில் கம்பி பிரஷ் மாட்டித் தேய்த்தால் துருவையே பாலீஷ் போட்டுப் பளபளப்பாக்கிவிடும். பார்க்க அழகாக இருக்கும், சொரசொரப்பு இருக்காது.

ஆற்று மணலை வைத்து பிளாஸ்டிங் செய்து காசு மிச்சம் பிடிக்கலாம் என்று யாராவது சொன்னால் விரட்டிவிடுங்கள். மணலில் உள்ள சிலிகா தூசாகி நுரையீரலில் போய் சிலிகோசிஸ் வரும், வந்தால் குணப்படுத்த மருந்து கிடையாது. தாமிரக் கசடு அல்லது கார்னெட் வாங்குங்கள். கார்னெட் என்றால் ஏதோ வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம், கன்னியாகுமரிக் கடற்கரையில் காலடியில் சிவப்பாகக் கிடக்கிற மணல்தான் அது. விலை கூடினாலும் சலித்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம்.

பிளாஸ்டிங் செய்யவே முடியாத இடம் என்று சில உண்டு. வால்வுத் தொட்டி, பிளாஞ்சும் போல்ட்டும் நெருக்கிக் கிடக்கிற இடம், எப்போதும் நீர் கசிகிற குழி. அங்கே பெட்ரோலேட்டம் டேப், அதாவது வாசலைன் மாதிரி ஒரு கொழுப்பில் ஊறிய துணி நாடா. உதிர்கிற துருவைக் கையால் பிரஷ் போட்டுத் தட்டிவிட்டு, அதே ரகப் பசையைக் கையாலேயே அப்பி, மேலே நாடாவைச் சுற்ற வேண்டியதுதான், ஈரமாக இருந்தாலும் ஒட்டும். இறுகவே இறுகாது என்பது அதன் பலம், அதுவேதான் பலவீனமும். கல் குத்தினால் கிழியும், கரிசல் மண் வெடித்துச் சுருங்கும்போது இழுபடும், சூடான லைனில் ஒழுகும். மேலே ஒரு பிளாஸ்டிக் உறை சுற்றி, சுற்றிலும் மணல் போட்டு மூடுங்கள். மீட்டருக்குப் பெயிண்டைவிடச் செலவு கூடும், ஆனால் கம்பிரசர், பிளாஸ்டிங் ஆள், இரண்டு நாள் காத்திருப்பு எல்லாம் மிச்சம். 4 கிலோமீட்டருக்கு இதைச் சுற்றாதீர்கள், நாற்பது வால்வுக்குச் சுற்றுங்கள்.

கே: சுலபமாகப் பாலிதீன் டேப் சுற்றிவிட்டால்? விலை பாதிதான்.
- அதே கடலூர் அன்பர்

ப: குளிராக ஒட்டுகிற மெல்லிய பாலிதீன் டேப்பைத்தானே சொல்கிறீர்கள்? 2010 ஜூலை 25 அன்று அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலம் மார்ஷல் என்ற ஊர் அருகே ஒரு கச்சா எண்ணெய்க் குழாய் வெடித்தது. என்பிரிட்ஜ் நிறுவனத்தின் 6பி லைன், 30 அங்குலம், 1969ல் போட்டது, மேலே பாலிதீன் டேப் சுற்றியது. வெல்டிங் மேடு இருக்கிற இடத்தில் டேப் சரியாகப் படியாமல் கூடாரம் மாதிரி தூக்கி நிற்கும், காலப்போக்கில் பசையும் விட்டுப்போகும், அந்த இடுக்கில் மண்ணீர் புகுந்துகொள்ளும். அங்கேதான் அரிப்பும் வெடிப்பும் சேர்ந்து வளர்ந்திருந்தன என்று அந்நாட்டு விசாரணை வாரியம் கண்டது. கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் குழாய் உடைந்தது புரியாமல் மறுபடி மறுபடி பம்பைப் போட்டார்கள். 17 மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது. 30 லட்சம் லிட்டருக்கு மேல் எண்ணெய், கலமசூ ஆறு வரை போய்விட்டது. சுத்தம் செய்த செலவு நூறு கோடி டாலரைத் தாண்டியது.

உங்கள் தண்ணீர் லைன் உடைந்தால் ஆறு கெடாது, சரி. ஆனால் டேப்பின் குணம் அதேதான். பெயிண்ட் உரிந்தால் உரிந்தது தெரியும், காத்தோட் பாதுகாப்பு இருந்தால் அந்த மின்னோட்டமாவது உள்ளே போய்ச் சேரும். விட்டுப்போன பாலிதீன் குடை மாதிரி நின்று மின்னோட்டத்தையும் மறைத்துவிடும். வெளியே பார்த்தால் எல்லாம் நலம், உள்ளே அரித்துக்கொண்டிருக்கும். டேப்தான் வேண்டும் என்றால், பிரைமர் அடித்து, கேஸ் பர்னரில் சூடு காட்டி இளக்கி ஒட்டுகிற கோல்தார் டேப் இருக்கிறது, பொதுவாக 4 மி.மீ. கனத்தில் வரும். நம் ஊர் எம்.எஸ். தண்ணீர் லைன்களில் நெடுநாளாகப் புழங்குகிறது, இந்தியத் தர நிர்ணயமும் உண்டு. அதிலும் பர்னர் பிடிக்கிறவன் கை நிதானம்தான் எல்லாம். சூடு குறைந்தால் ஒட்டாது, கூடினால் தார் ஒழுகி ஓடிவிடும்.

கே: கோல்தார் எப்பாக்ஸி மிச்சம் இருக்கிறது. குடிநீர்க் குழாயின் உள்பக்கம் அடிக்கலாமா?
- பெயரில்லை, ஊரும் இல்லை

ப: கூடாது. தாரில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்கள் இருக்கின்றன. வெளியே அடிக்கும்போதே கையுறை, முழுக்கைச் சட்டை வேண்டும். தோலில் பட்டு அதன்மேல் வெயிலும் பட்டால் எரிச்சல் தாங்காது. உள்பக்கத்துக்குக் குடிநீருக்கென்றே சான்று பெற்ற பொருளைத் தவிர வேறெதுவும் வேண்டாம்.

கே: எங்கள் ஊர் காஸ்ட் அயர்ன் (வார்ப்பிரும்பு) லைன் வெளியே நன்றாகத்தான் இருக்கிறது, உடையவில்லை. ஆனால் காலையில் முதல் பத்து நிமிஷம் மஞ்சள் தண்ணீர், கடைசித் தெருவுக்குத் தண்ணீரே ஏறுவதில்லை. மோட்டார் பெரிதாக்கச் சொல்கிறார்கள்.
- குடியிருப்போர் சங்கம், கும்பகோணம்

ப: மோட்டாரைத் தொடாதீர்கள். குழாயை வெட்டி உள்ளே பார்த்தால் துரு முடிச்சு முடிச்சாக, பலாப்பழத் தோலை உள்பக்கமாகத் திருப்பிவைத்த மாதிரி இருக்கும். தண்ணீர் அதில் உரசி உரசித்தான் போக வேண்டும். இதற்கு நெடுங்காலமாக நிரூபணமான மலிவு வைத்தியம் சிமென்ட் கலவைப் பூச்சு. கம்பிச் சுரண்டியை உள்ளே இழுத்து முடிச்சுகளைப் பெயர்த்து, கழுவி, அப்புறம் வேகமாகச் சுழல்கிற ஒரு தலையை உள்ளே விட்டு இழுத்துக்கொண்டே போனால் அது சிமென்டும் மணலும் கலந்த சாந்தைச் சுவரெங்கும் வீசி அடிக்கும். ஒவ்வொரு குழியிலிருந்து அடுத்த குழி வரை இப்படி. தெரு முழுக்கத் தோண்ட வேண்டியதில்லை.

இதன் அழகு என்னவென்றால், சிமென்ட் வெறும் திரை மட்டும் இல்லை. அதன் பி.எச்., அதாவது காரத்தன்மையைக் காட்டுகிற எண், 12க்கு மேல், அந்தச் சூழலில் இரும்பு துருப்பிடிக்காது. நாள்பட்டால் சின்ன விரிசல்கள் தானாகவே சுண்ணம் படிந்து அடைபடுவதும் உண்டு. எப்பாக்ஸியில் ஒரு விரிசல் விட்டால் விட்டதுதான்.

கரண்ட் பில்லுக்கு வருவோம். குழாயின் வழவழப்பைக் குறிக்க ஹேசன்-வில்லியம்ஸ் எண் என்று ஒன்று உண்டு, முடிச்சு விழுந்த பழைய குழாய்க்கு 80, சிமென்ட் பூசியதற்கு 130 என்று வைத்துக் கணக்குப் போட்டால், அதே அளவு தண்ணீரைத் தள்ள உராய்வில் வீணாகிற அழுத்தம் 40 சதவீதமாகக் குறைகிறது. 400 மி.மீ. குழாயில் 6 மி.மீ. பூச்சினால் உள்வட்டம் 12 மி.மீ. சுருங்குமே என்பீர்கள். அதையும் கழித்துப் பார்த்தேன், அப்போதும் பழையதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவுதான். மோட்டாரைப் பெரிதாக்கினால் இந்த வீணுக்குத்தான் மாதாமாதம் காசு கட்டுவீர்கள்.

ஆனால் குறையும் சொல்ல வேண்டும். வீட்டு இணைப்புத் துளைகள் சாந்தில் அடைபடும், ஒவ்வொன்றாக ஊதித் திறக்க வேண்டும், இதை ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் பாதித் தெருவுக்கு அடுத்த நாள் தண்ணீர் வராது. கூர்மையான வளைவுகளில் இயந்திரம் திரும்பாது. முதல் சில நாள் தண்ணீர் சுண்ணாம்பு வாடையோடு இருக்கும், திறந்துவிட்டுக் கழுவ வேண்டும். பல நாள் தண்ணீரை நிறுத்த முடியாத ஊருக்கு, சீக்கிரம் இறுகுகிற பாலியூரித்தேன் தெளிப்பு இருக்கிறது, காசு நிறைய. இரண்டுமே உடைகிற குழாய்க்குப் பலம் தராது, நல்ல எலும்புக்கு மேல்தான் இந்தத் தோல்.

கே: காத்தோட் பாதுகாப்பு வைத்துவிட்டால் பூச்சே வேண்டாமா?
- டிப்ளமோ மாணவி, காரைக்குடி

ப: காரைக்குடியிலிருந்து இந்தக் கேள்வி! உங்கள் ஊரிலேயே அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து உருவான மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953லிருந்து இதே துருவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது. உள்ளே போய்ப் பார்க்க அனுமதி கிடைத்தால் விடாதீர்கள்.

தத்துவம் பழசு. 1824ல் ஆங்கில வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி கப்பலின் செப்புத் தகட்டோடு இரும்பைச் சேர்த்து, செம்புக்குப் பதில் இரும்பைக் கரைய வைத்தார். குழாய்க்கு 1928ல் நியூ ஆர்லியன்ஸில் ராபர்ட் கூன் செய்து காட்டினார், செம்பு சல்பேட் மின்முனையோடு ஒப்பிட்டு மைனஸ் 0.85 வோல்ட் என்று, குழாய்க்குப் பாதுகாப்பு போதுமா என்று பார்க்க இன்றும் எல்லோரும் அளக்கிற எண் அவர் வழியில் வந்ததுதான். பூச்சு வேண்டாமா என்றால், வெற்றுக் குழாய்க்குச் சதுர மீட்டருக்கு 20 மில்லி ஆம்பியர் வேண்டும் என்று வையுங்கள், மேலே சொன்ன அதே 400 மி.மீ. குழாய்க்கு கிலோமீட்டருக்கு 25 ஆம்பியர். நல்ல பூச்சு இருந்து 0.1 மில்லி ஆம்பியர் போதும் என்றால் மொத்தமே 0.13 ஆம்பியர். முன்னதுக்கு ரெக்டிபையர் (மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் கருவி), கரண்ட், ஆள் எல்லாம் வேண்டும். பின்னதுக்கு குழாய்க்குப் பதில் கரைகிற இரண்டு மூன்று மக்னீசியம் கட்டியைக் கம்பியால் இணைத்துப் புதைத்தாலே ஓடிவிடும். பூச்சு பெரும்பகுதியைப் பார்த்துக்கொள்ளும், பூச்சு விட்ட ஓட்டையை மின்னோட்டம் பார்த்துக்கொள்ளும். ஒரு எச்சரிக்கை: ரப்பர் வளையம் போட்டுச் சொருகிய குழாய்களில் ஒன்றுக்கொன்று மின்தொடர்பு இருக்காது. ஒவ்வொரு இணைப்புக்கும் கம்பி போட்டுப் பற்றவைத்தாலொழிய முதல் குழாயோடு நின்றுவிடும்.

கே: வீட்டு ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் துருப்பிடித்துவிட்டது, உள்ளே ஏதாவது பூசலாமா?
- இல்லத்தரசி, மதுரை

ப: வேண்டாம்மா. சி.பி.வி.சி. பிளாஸ்டிக் பைப் போட்டுவிடுங்கள், ஒரு நாள் வேலை.

கே: இவ்வளவு சொல்கிறீர்கள், வேலையை ஒழுங்காகச் செய்தார்களா என்று என்னைப் போல ஒன்றும் தெரியாதவன் எப்படிக் கண்டுபிடிப்பது? மண்ணைப் போட்டு மூடிவிட்டால் போச்சு.
- ஊராட்சித் தலைவர், தஞ்சாவூர் மாவட்டம்

ப: மூடுவதற்கு முன்னால் போய்விடுங்கள், அது பாதி. பிளாஸ்டிங் முடிந்ததும் ஒரு செல்லோ டேப்பை ஒட்டி எடுத்து வெள்ளைத் தாளில் ஒட்டுங்கள், கறுப்பாகப் படிந்தால் தூசு போகவில்லை. பெயிண்ட் அடிக்கிற அன்று ஈரத்தில் தடிமன் பார்க்கிற சீப்பு ஒன்று வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், அலுமினியத்தில் சின்னதாக, விலை ஒன்றும் பெரிதில்லை. ஈரப் பெயிண்டில் குத்தி எடுத்தால் எந்தப் பல் வரை நனைந்திருக்கிறது என்று தெரியும். நீங்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாலே பாதி பெயிண்டர்கள் இன்னொரு கோட் அடிப்பார்கள்! காய்ந்த பிறகு கூரான கத்தியால் எக்ஸ் மாதிரி கீறி, நடுவில் நெம்பிப் பாருங்கள். நெம்பினால் பொடியாக வரலாம், தகடாக வரக் கூடாது. கீறிய இடத்தை மறுபடி பூசச் சொல்ல மறந்துவிடாதீர்கள்.

கடைசியாக ஹாலிடே டெஸ்ட், அதாவது பூச்சில் விட்டுப்போன ஓட்டையை மின்சாரத்தால் தேடுகிற சோதனை. ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிவைத்தால் கருவியை அவர்களே கொண்டுவர வேண்டும். ஸ்பிரிங் மாதிரி ஒரு கம்பியைக் குழாயைச் சுற்றி மாட்டி இழுத்துக்கொண்டே போவார்கள், 400 மைக்ரானுக்குச் சுமார் 2000 வோல்ட். எங்கே ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் அங்கே நீலமாக ஒரு பொறி, கூடவே "பீப்" என்று ஒரு சத்தம். கையில் ஒரு சாக்பீஸ் வைத்துக்கொண்டு பின்னாலேயே நடந்து, சத்தம் வந்த இடத்தில் எல்லாம் வட்டம் போடுங்கள். அடிப்பக்கமும் இழுக்கச் சொல்லுங்கள், குனிய சோம்பேறித்தனப்பட்டு மேலே மட்டும் இழுத்துவிட்டுப் போவார்கள். சாயங்காலம் திரும்பப் போய், ஒவ்வொரு வட்டத்துக்கு மேலும் பெயிண்ட் விழுந்திருக்கிறதா, அங்கே மறுபடி இழுத்தால் சத்தம் வருகிறதா என்று பார்த்துவிட்டு மண்ணைத் தள்ளச் சொல்லுங்கள். முதல் ஒரு சாண் உயரத்துக்குச் சலித்த மண், கல் வேண்டாம்.